கைக்கு ஆர் குடுத்தது

அக்காவை நான் முதலில் கண்டது விக்ரோறியாவில், டண்டினோங் என்ற ஊரில், ஒரு பலசரக்குக் கடையில். கையில் ஒரு பைக்கற் அரிசிமா. காசு கட்டும் இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் ஆறு பேர். நான் ஏழாவது.

“இதில ரெண்டு திகதி ஸ்ரிக்கர் இருக்கு. ஒண்டுக்கு மேல ஒண்டு. மேல ஒட்டினது ஆர்?”

கடைக்காரர் சிரித்தார். “நல்ல மா அக்கா. வேண்டாமெண்டா வைச்சிட்டு வேற எடுங்கோ.”

“வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஆர் ஒட்டினதெண்டு கேட்டனான்.”

“கொம்பனியாக்கும்.”

“கொம்பனி ஒட்டினது கீழ கிடக்கு. நான் கேக்கிறது மேல கிடக்கிறதை.”

“அன்ரி, எங்களுக்கும் வேலை இருக்கு” என்றார் பின்னால் நின்ற ஒருவர். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கோபப்படவும் இல்லை. மாப் பைக்கற்றை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பேருந்துக்கு நிற்பவர் மாதிரி.

கடைக்காரருக்கு வியர்த்தது. “நான்தான் அக்கா. நான்தான் ஒட்டினனான். இப்ப என்ன?”

“ஒண்டுமில்லை. எவ்வளவு?”

காசைக் கட்டி அதே மாவை வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் அவருக்கு விசர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் எங்கள் வீட்டில் இருந்த ரூபனின் அக்கா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். மூர்த்தி அண்ணை, ரூபன், நான். மூவரும் படகில் வந்தவர்கள். மூவருக்கும் தற்காலிக விசா. அது முடியும். பிறகு கடிதம் வரவேண்டும். கடிதம் வராத மாதங்களில் டொக்டரிடம் போனால் முழுக்காசும் கட்டவேண்டும். அதனால் போவதில்லை. மூர்த்தி அண்ணை கார் கழுவும் இடத்தில் வேலை செய்தார். எனக்குக் கோழித் தொழிற்சாலை. ரூபன் கூரைக்கு ஓடு போடுகிறவன்.

அக்கா எங்களுக்கு முதலே, கலியாணம் கட்டி வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. மகளின் பள்ளிக்கூடத்துக்காக கிளென் வேவர்லியில் ஒரு சின்ன வீட்டை எடுத்து, அதன் கடனுக்கே வாழ்ந்தார். ரூபன் ஏன் அங்கே இருக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“அத்தான்ர வீட்டில எத்தினை வருசம் விருந்தாளியா இருக்கிறது?” என்றான். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சாப்பாடு கொண்டுவருவார். மீன் குழம்பு, கத்தரிக்காய், ஒரு பெரிய பானை சோறு. மூன்று பேருக்கும். ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சும்மா சாப்பிட முடியாது. குசினிக்குள் வந்ததும் கண் சுழலும்.

“இந்தச் சட்டியை அடிப்பிடிக்க விட்டது ஆர்?”

மூர்த்தி அண்ணை அவருடைய காரைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்விடுவார். “ஆமிக்காரனை விடக் கரைச்சலடா உன்ர அக்கா” என்று ரூபனிடம் சொல்லுவார். “அவன் கேட்டா பொய்யாவது சொல்லலாம்.”

ரூபன் சிரிப்பான். அவனுக்கு அக்காவில் பயம் இல்லை. “அவ தண்டிக்கிறதுக்குக் கேக்கிறேல்லை அண்ணை. அவவுக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒருமுறை ரூபனின் விசா விசயமாகக் குடிவரவு அலுவலகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு கடிதம் இருந்தது. நானும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பிள்ளை கணினியைப் பார்த்து, கடிதம் வரும், காத்திருங்கள் என்றாள்.

“எந்த மாதம் வரும்?” என்றார் அக்கா, தன் இங்கிலீசில்.

“அதை என்னால் சொல்ல முடியாது.”

“சொல்லக்கூடியவர் ஆர்?”

அவளுக்கு அதுவும் தெரியவில்லை. அக்கா போய் ஒரு கதிரையில் இருந்தார். ஒவ்வொரு மணித்தியாலமும் எழும்பிப் போய் அதே கேள்வியைக் கேட்டார். சத்தம் போடவில்லை. ரூபனுக்கு வெட்கம். எனக்கும். பூட்டுகிற நேரம் உள்ளேயிருந்து ஒரு மேலதிகாரி வந்து, அநேகமாக ஓகஸ்ட் என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு எழும்பினார்.

ஓகஸ்டில் ஒன்றும் வரவில்லை. செப்ரெம்பரிலும் வரவில்லை. “பாத்தியளே அக்கா, பேய்க்காட்டிப்போட்டாங்கள்” என்றேன்.

“பிழையான மாதமெண்டாலும் ஒரு மாதம் சொன்னவங்கள்தானே. காலமை வாயே திறக்கேல்லை” என்றார்.

இனி வான்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைப் பற்றிக் கெட்டதாக மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்களைப் போன்றவர்கள் இருக்கிற வீடுகளுக்கு வியாழக்கிழமைகளில் ஒரு வெள்ளை வானில் வருவார். யாழ்ப்பாணத்துக் கறித்தூள், கருவாடு, பனங்கட்டி, நல்லெண்ணெய். கடையை விட மலிவு. எங்களை விசா விசாரணைக்கு ஏற்றி இறக்குகிறவரும் அவர்தான். நான் உள்ளே ஐந்து மணித்தியாலம் இருந்தபோது அவர் வெளியே பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நின்றார். பெற்றோல் காசு கூட வாங்கவில்லை. பின் சீற்றுக்குக் கீழே ஒரு பிஸ்கற் ரின் இருக்கும். அதற்குள் குளிசை. முதலில் ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்தவை. நாரி நோவுக்கு, காய்ச்சலுக்கு. பிறகு நித்திரைக் குளிசையும் வந்தது. அது இங்கேயே யாரிடமோ எடுத்தது. நீல நிறம்.

அந்த வீடுகளில் நித்திரை என்பது பெரிய விசயம். நாங்கள் எல்லோரும் போட்டோம். நானும் போட்டேன்.

வியாழன் எனக்கு லீவு. மற்ற இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகையால் வான் வந்தால் வாங்கி வைப்பது என் வேலை. வீட்டில் நிற்கிறவன் எல்லோருடையதையும் வாங்கி அவரவர் இடத்தில் வைப்பான். எல்லா வீடுகளிலும் அப்படித்தான். மூர்த்தி அண்ணையின் கருவாடு குசினியில். ரூபனின் குளிசை அவனுடைய தலையணையில்.

ரூபன் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மாதம். நாரி பிடித்து, இடுப்பு நோவோடுதான் வேலைக்குப் போனான். முதலாளி காசு கையில் கொடுக்கிறவர். விழுந்ததை எங்கேயும் எழுதவில்லை. இரவில் திரும்பிப் படுக்க முடியாமல் முனகுவான். நோவுக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவனுடைய கைத்தொலைபேசி அடித்தபடியே இருந்தது. நான் குளித்துவிட்டு வந்தேன். இன்னும் அடித்தது. மூர்த்தி அண்ணை கதவைத் தட்டினார். பிறகு திறந்தார்.

உடம்பு குளிர்ந்துவிட்டது. வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. தொலைபேசியில் ‘அக்கா’ என்று விழுந்துகொண்டிருந்தது.

உடனே அம்புலன்சுக்கு அடித்திருக்கவேண்டும். அதை எனக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் எங்களில் ஒருவன் செத்துக் கிடக்கும்போது அப்படியே சனம் பார்க்க விடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

“சனம் வரப்போகுது. உப்பிடியே விடேலாது” என்றார் மூர்த்தி அண்ணை. சுடுதண்ணி கொண்டுவந்து முகம் துடைத்தார். சேர்ட்டை மாற்றினோம். விரிப்பை மாற்றிப் பழையதை வோஷிங் மெசினில் போட்டோம். அறையைக் கூட்டினேன். தலைமாட்டில் விளக்குக் கொளுத்தினேன். பிரேதத்துக்குச் செய்யவேண்டியதை அக்கா வருமுன் செய்து வைத்தோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணிக் கிளாஸும், மிச்சக் குளிசை கிடந்த சின்னப் பையும் இருந்தன. கிளாஸைக் கழுவி வைத்தேன். குளிசைகளைக் கொமட்டில் போட்டுத் தண்ணியை இழுத்தேன். அவை மிதந்தன. இன்னொருதரம் இழுத்தேன். பிறகு என்னுடைய அறையில் கிடந்த பழைய குளிசைகளையும் கொண்டுவந்து போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அம்புலன்சுக்கு அடித்தோம்.

பொலிஸ் வந்து கேட்டது. மருந்து ஏதும் பாவித்தவரா? இல்லை என்றோம். அறை சுத்தமாக இருந்தது. எழுதிக்கொண்டு போனார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியையும் சாப்பாடும் அக்கா வீட்டில். வான்காரர் விடியவே வந்துவிட்டார். மரக்கறி முழுக்க அவருடையது, காசு வேண்டாம் என்றுவிட்டார். அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். ரூபனின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். பொய் அழுகை இல்லை. அக்கா அவருக்குத் தன் கையால் சோறு போட்டார். “இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை” என்று கேட்டார்.

நான் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேத பரிசோதனை அறிக்கை வர மாதங்கள் எடுத்தது. அக்கா இரண்டு கிழமைக்கு ஒருதரம் மரண விசாரணை அலுவலகத்துக்கு அடித்துக் கேட்டாராம். வந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். ரூபனின் இரத்தத்தில் இருந்தது நித்திரை மருந்தே இல்லை. நித்திரைக் குளிசை என்று விற்கிற ஏதோ ஒரு புது நஞ்சு. மருந்துக் கடைகளில் இல்லாதது. உப்பளவு போதுமாம் ஆளை முடிக்க.

அந்த ஞாயிறு வந்தார். பானையை அடுப்பில் வைத்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஆர் குடுத்தது?”

மூர்த்தி அண்ணை தரையைப் பார்த்தார். “எங்களுக்கென்ன தெரியும் தங்கச்சி. வேலையிடத்தில ஆரும் குடுத்திருப்பாங்கள்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போதும் ஒன்றும் சொல்லாதவன் என்பதால் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அந்த மாதங்களில் அவர் ஏறாத படி இல்லை. பொலிஸ் நிலையத்துக்கு ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். துப்பறிகிற அதிகாரி ஒரு பெண். மரியாதையானவர். தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“இது கொலை. ஏன் கொலையெண்டு எழுதேல்லை?” என்றார் அக்கா.

அதிகாரி பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கொலை என்றால் கொல்ல நினைத்திருக்கவேண்டும், அல்லது சாவு வரும் என்று தெரிந்தே செய்திருக்கவேண்டும். விற்றவனுக்கே உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் இருக்கலாம். அதோடு, உங்கள் தம்பி தன் கையால்தான் விழுங்கினார்.

“அவன் தன்ர கையால விழுங்கினவன். சரி. அந்தக் கைக்கு ஆர் குடுத்தது?”

“அதைத்தான் அம்மா நாங்களும் தேடுகிறோம். கிடைத்தாலும் விற்ற குற்றம்தான் முதலில். நியூ சவுத் வேல்ஸில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, காசுக்கு விற்று ஆள் இறந்தால். இங்கே விக்ரோறியாவில் அப்படி இல்லை.”

அக்கா தண்ணிக் கிளாஸைத் தள்ளி வைத்தார். “அப்ப என்ர தம்பி மறே ஆத்தைத் தாண்டிப் போய்ச் செத்திருக்கவேணும்.”

அதை அவர் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மாநிலத்துக்கும் எல்லை அந்த ஆறு. அதிகாரி என்ன என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது அக்கா அந்த ஆற்றுக்கு அங்காலேதான் இருக்கிறார். மகளுக்குச் சிட்னியில் வேலை. மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் அவரைக் கண்டதாகப் போய் வந்த ஒருவர் சொன்னார். அங்கே அர்ச்சனைத் தட்டுக் கொடுக்கிற இடத்தில் யாரோடோ நின்று கதைத்தாராம். என்ன கேட்டிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடியும்.

அந்த மாதங்களில் எங்கள் ஆட்களிடமும் கேட்டார். மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஏதோ நிதி சேர்க்கிற கூட்டம். கடைசியில் அக்கா எழும்பினார்.

“எங்கட ஆள் ஒருத்தர்தான் குடுத்தது. இங்க இருக்கிறவையில பத்துப் பேருக்காவது அது ஆரெண்டு தெரியும். ஒருத்தர் சொன்னாப் போதும்.”

தலைவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். “தங்கச்சி, இதைப் பெரிசாக்கினா எங்கட சனத்துக்குத்தான் கெட்ட பேர். விசா இல்லாத பெடியளை யோசியுங்கோ.”

“என்ர தம்பி செத்தது நல்ல பேரோ?”

வான்காரர் பின்வரிசையில் இருந்தார். நான் அவருக்கு இரண்டு கதிரை தள்ளி. அக்கா நின்றார். மண்டபத்தில் மின்விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக. அவர் இன்னும் நின்றார். கடைசியில் கணவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்த மனிசன் ஒரு சொல் பேசாதவர். அன்றைக்கு மட்டும் திரும்பி எங்களைப் பார்த்து, “நல்லாயிருங்கோ” என்றார்.

எல்லோருக்கும் தெரியும். கறித்தூள் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். என்னிலும்தான்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. ரூபன் இல்லாத வீட்டுக்கு மூன்று பேருக்கான அளவிலேயே கொண்டுவந்தார். அளவு மாற்ற மறந்தாரா, மாற்ற விருப்பமில்லையா, தெரியாது. மூர்த்தி அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கேட்டு எடுத்துக்கொண்டார்.

ஆகையால் நான் மட்டும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு நான் தட்டுக் கழுவிக்கொண்டு நிற்கிறேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, வியாழக்கிழமையில நீ வீட்டிலதானே நிக்கிறனீ.”

“ஓம்.”

“அந்த வியாழக்கிழமையும் நிண்டனீ.”

நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அவர் அசையவில்லை. சுடுதண்ணி முடிந்து பச்சைத்தண்ணி வரத் தொடங்கியது. பைப்பைப் பூட்டினேன். பூட்டிய பிறகு அந்தக் குசினியில் ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

“நான்தான் வாங்கி வைச்சனான்” என்றேன்.

“ஆரிட்டை?”

சொன்னேன்.

அவருடைய முகம் மாறவில்லை. கை மட்டும் குசினி மேசையின் விளிம்பைப் பிடித்தது. “அவருக்கு நான் என்ர கையால சோறு போட்டனான்.”

“ஓம்.”

“நீ பாத்துக்கொண்டு இருந்தனீ.”

“ஓம்.”

“எங்க வைச்சனீ, அந்தக் குளிசையை?”

“தலகாணியில.”

“மிச்சம் எங்க?”

“கொமட்டில போட்டு இழுத்தனான்.”

“ஏன்?”

“அவன் உப்பிடிக் குளிசை போடுறவனெண்டு நீங்கள் அறியக்கூடாதெண்டு.” பிறகு மிச்சத்தையும் சொன்னேன். “என்ர குளிசையும் கிடந்தது. பயம்.”

பானையை மூடினார். காருக்குப் போனார். நெடுநேரம் கார் கிளம்பவில்லை. நான் ஜன்னலுக்குப் போகவில்லை.

மூன்று ஞாயிறு வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தார். சாப்பாடு இல்லை. கையில் ஒரு சட்டத்தரணியின் அட்டை. காசு வாங்காத இடம், அகதிகளுக்கு உதவுகிற இடம். “நாளைக்குப் பத்து மணிக்கு. நான் லீவு எடுத்திட்டன்” என்றார்.

சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரப் பெண். எல்லாம் கேட்டுவிட்டு, பேனையை வைத்துவிட்டுச் சொன்னார். இவர் வாய் திறக்காமல் இருக்கலாம், அது இவருடைய உரிமை. வாய் திறந்தால் அந்த வியாபாரியைப் பிடிக்க உதவும். ஆனால் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர். சட்டத்தில் கொடுத்தலும் வழங்கல்தான். இவர் மேலும் வழக்கு வரலாம். வந்தால் விசா போகலாம். விசா போனால் திருப்பி அனுப்பலாம்.

வெளியே வந்து படியில் இருந்தோம்.

“நான் என்ன செய்யிறது அக்கா?”

அவர் சட்டத்தரணியின் அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

“எனக்கு உன்னை மாட்டிவிட விருப்பமில்லை. அந்தாளை விடவும் விருப்பமில்லை” என்றார். “ரெண்டும் ஒண்டா வராதெண்டா, நான் முதலாவதை விடுறன்.”

“திருப்பி அனுப்பினாங்களெண்டா?”

“தெரியும். ஊர்ல என்ன நடக்குமெண்டும் தெரியும். அதான் மூண்டு கிழமை எடுத்தது.”

கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. என்னுடைய உயிரைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, நிறையை நேரே சொன்னார். அவரில் எனக்கு வெறுப்பு வந்த ஒரே நேரம் அது. இப்போது யோசித்தால், இந்த நாட்டில் எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

நான் பொலிசுக்குப் போனேன். நல்லவன் என்று போகவில்லை. போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் வரும்.

வாக்குமூலத்துக்குத் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். தமிழ்நாட்டுக்காரர். பொயிண்ட் குக்கில் இருந்து கதைக்கிறேன் என்றார்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. குளிசைன்னா மாத்திரைதானே?”

“ஓம்.”

“நீங்க வாங்கி, நீங்களே கொண்டுபோய் அவர் தலையணையில வெச்சீங்க. சரிங்களா?”

“ஓம்.”

“இத நான் அப்படியே சொல்லிடட்டுமா?” என்று ஒருதரம் நின்று கேட்டார். கேட்கத் தேவையில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. பாவம், நல்ல மனிசன்.

“சொல்லுங்கோ.”

அக்கா வெளியே மர வாங்கில் இருந்தார். நான்கு மணித்தியாலம்.

பொலிஸ் வானை மறித்தது. பிஸ்கற் ரின் இருந்தது. குளிசையும் இருந்தது. ஆனால் நீலம் இல்லை. நஞ்சும் இல்லை. சாதாரண நித்திரைக் குளிசை, அனுமதி இல்லாமல் விற்றது. ரூபனைக் கொன்ற குளிசை எங்கே? நான் இழுத்த தண்ணியோடு போய்விட்டது. ஒன்றாவது இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் அந்த அதிகாரி. என்னைக் குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் கூடச் சுட்டது.

என்மேல் இப்போதைக்கு வழக்கில்லை என்று கடிதம் வந்தது. ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைச் சட்டத்தரணி இரண்டு தரம் சொன்னார்.

மூர்த்தி அண்ணை வேறு வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றும்போது என்னிடம் சொன்னார்: “அந்தாள் உனக்காக வாசல்ல நிண்டவர். நீ அந்தாளைக் காட்டிக்குடுத்திட்டாய்.” சண்டைக் காலம் பார்த்த எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடையில் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். கறித்தூளைக் கிளேற்றனுக்குப் போய் வாங்கினேன்.

நீதிமன்றத்தில் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. வான்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குளிசை விற்ற குற்றம். அவருக்காகக் கதைத்தவர் நல்ல கடிதங்கள் வாசித்தார். அகதிகளுக்கு உதவுகிறவர், கோவிலில் தொண்டு செய்கிறவர். எல்லாம் உண்மை. நீதிபதி சிறை கொடுக்கவில்லை. இத்தனை மணித்தியாலம் சம்பளமில்லாத வேலை, இத்தனை மாதம் கண்காணிப்பு. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

ரூபனின் பேரை ஒருவரும் ஒருதரமும் சொல்லவில்லை.

அக்கா எழும்பி, அரச தரப்புக்குக் கதைத்த பெடியனிடம் போனார். அவன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என்ர தம்பி எங்க?” என்றார்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு சொன்னான்: “மன்னியுங்கள் அம்மா. அது இந்த வழக்கில் ஒரு பகுதி இல்லை.”

“எந்த வழக்கில பகுதி?”

அவன் இன்னொரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு கதவால் போனான். அக்கா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். காவலாளி வந்து, இடத்தை விடவேண்டும் அம்மா என்று சொன்னார். அவர் கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது.

வாசலில் வான்காரர் மனைவியோடு நின்றார். எங்களைக் கண்டதும் நெருங்கி வந்தார். மெலிந்திருந்தார்.

“தங்கச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது, அதுக்குள்ள என்ன இருந்ததெண்டு.”

“தெரியாட்டி ஏன் வித்தனீங்கள்?”

மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் போகாமல் நின்றார். அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

“எல்லாரும் கேட்டவை” என்றார். “நித்திரை வருகுதில்லை அண்ணை எண்டு ஒவ்வொரு வீட்டிலயும் கேட்டவை. என்னால இல்லையெண்டு சொல்ல ஏலேல்லை.”

அக்கா தலையை ஆட்டினார். மன்னித்த தலையாட்டல் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தது என்ற தலையாட்டல். நான் சொன்னதை விட்டால், அந்த வருடம் முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே பதில் அது. அவர்கள் போனார்கள்.

நாங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தோம். மழை தூறியது. அக்கா கார்த் திறப்பை எடுத்தார். கதவைத் திறக்கவில்லை.

“அந்தாளை உள்ளுக்குப் போட்டிருந்தா உனக்கு ஆறியிருக்குமோ?”

யோசித்தேன். “இல்லை அக்கா.”

“எனக்கும் ஆறியிராது.” காரின் கூரையில் விழுந்த தூறலைப் பார்த்தார். “ஆனாலும் அந்தாள் உள்ளுக்குப் போயிருக்கவேணும்.”

“ஓம்.”

“நீயும் போயிருக்கவேணும்.”

அவர் என்னை நேரே பார்த்தார். கோபம் இல்லை. காலையில் என்னை ஏற்ற வந்தபோது சாப்பிட்டனீயோ என்று கேட்ட அதே முகம்.

“ஓம் அக்கா” என்றேன்.

கதவைத் திறந்தார். “ஏறு. நனையாத. பெல்ற்றைப் போடு.”